மகள் போனுக்கு வந்த மார்க்

பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த காலையில், செம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் என் மகளுடைய போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் தை மாதமே தவறிப்போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தது அவள் நம்பர் என்பதால் மார்க் அதற்குத்தான் மெசேஜாக வரும். கம்ப்யூட்டரில் பார்க்கலாமே என்றால் பேத்தி கேட்கவில்லை. "முதல்ல அம்மா போனுக்கு வரட்டும் பாட்டி" என்றாள். நான்கு மாதமாக அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தவளும் அவள்தான்.

எனக்குப் படிக்கத் தெரியாது. போன் சத்தம் போட்டதும், "வந்துடுச்சுடி!" என்று கத்திவிட்டேன்.

எட்டிப் பார்த்தவள், "புடவைக்கடை தள்ளுபடி பாட்டி. உனக்கு ஒண்ணு எடுக்கவா?" என்று சிரித்தாள்.

அடுத்து வந்ததுதான் மார்க். அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று, பள்ளிக்கூடத்திலேயே முதலாவது! எதிர்வீடு, மாடிவீடு, இஸ்திரிக்காரர் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். சர்க்கரை டப்பாவை எடுத்துப்போக மறந்துவிட்டேன். சந்தோஷத்தை முதலில் சொல்ல வேண்டியவள் இல்லையே என்று வாசலுக்கு வந்ததும்தான் அழுகை வந்தது.

சாயங்காலம் மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்த மாப்பிள்ளை, "ரிசல்ட்டும் வந்தாச்சு. அந்த நம்பரை இனிமே நிறுத்திடலாமாம்மா?" என்று பேத்தியைக் கேட்டார்.

"காலேஜ் அப்ளிகேஷன்லயும் அதையேதான்பா போட்டிருக்கேன். அங்கயும் மார்க் வருமில்ல?"

அவர் என் மடியிலிருந்த போனை எடுத்துப்போய் சார்ஜரில் மாட்டினார்.