அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்

என் வலது மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது. ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆளின் ஞாபகம் வருகிறது. வரும்போதெல்லாம் அவனை இன்னொரு முறை அடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநலத்துக்கு வலைத்தளம் செய்தவள் என்றதும் நான் ஏதோ சாந்த சொரூபி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டின் முன் அறைதான் என் அலுவலகம். கல்யாண மண்டபம், கேட்டரிங், டயர் கடை, எது வந்தாலும் வலைத்தளம் செய்து கொடுப்பேன். ஒருநாள் அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் அக்கா வந்தார். மனநல ஆலோசகர். நம் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆலோசனை கொடுக்க ஒரு தளம் வேண்டும் என்றார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள், வரிசையில் கட்டாயம் ஒரு தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கும், போன் என்றால் மனதைத் திறந்து எழுதுவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

"பயமில்லாம எழுதற மாதிரி செஞ்சி குடும்மா, அது போதும்" என்றார்.

நான் என்ன செய்தேன்? எந்த நீல நிறம் கண்ணுக்கு இதம் என்று மூன்று வாரம் மெனக்கெட்டேன். படிவத்துக்குப் பத்து நிமிடம்தான் செலவழித்தேன். ஒரு டியூஷன் சென்டருக்குச் செய்திருந்த பழைய படிவத்தை அப்படியே எடுத்து ஒட்டினேன். முதல் கட்டம், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர். இந்த நாட்டில் நூலக அட்டைக்கும் அதைத்தான் கேட்பார்கள், ஓட்டப்பந்தயத்துக்கும் அதைத்தான் கேட்பார்கள். நமக்கு முழுப்பெயர் என்றால் அது தனியாக வராது. பெண்ணானால் நடுவில் ஏ/பி என்று வரும், இன்னாருடைய மகள் என்று பொருள். அதன் பின்னால் அப்பாவின் பெயர் நிற்கும். அடுத்த கட்டம் போன் எண். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், நிரப்பாமல் நகர முடியாது. பதிவு செய்ததும் அந்த எண்ணுக்குத் தளத்தின் இணைப்போடு தானாகவே ஒரு செய்தி போகும். அந்த வசதியைச் செய்து முடித்த அன்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பக்கத்தின் அடியில், வழக்கம்போல, வடிவமைத்தவர் என்று என் பெயரும் முகவரியும்.

அந்தப் படிவத்தை நிரப்பியவர்களில் ஒரு பெண், பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும் பதினேழு வயதுக்காரி. அப்பா செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். அவளிடம் இருந்தது சிம் இல்லாத பழைய போன், அண்டை வீட்டு வைஃபையில் ஓடுவது. என் சிவப்பு நட்சத்திரம் விடமாட்டேன் என்றது. அவளுக்குத் தெரிந்த ஒரே எண்ணைக் கொடுத்தாள். அப்பாவின் எண். யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

செய்தி போனபோது அவர் தோட்டத்துக் கடையில் மற்ற ஓட்டுநர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி கையில் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் சத்தமாகப் படித்தார். வணக்கம், மகள் பெயர், ஏ/பி, அவருடைய பெயர். உங்கள் மனநல ஆலோசனைக்கான பதிவு கிடைத்தது.

மேசையில் ஒருவன் சிரித்தானாம். அவர் அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனார். தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயால் முதலில் அடித்தார். அவள் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். கதவை உதைத்துத் திறந்து ஹெல்மெட்டால் அடித்தார். தலையைக் காப்பாற்ற அவள் தூக்கிய கை முறிந்தது.

எனக்கு இது எதுவும் தெரியாது. மறுநாள் காலை நான் மைலோவைக் கலக்கி வைத்துக்கொண்டு அவள் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்க எனக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாவற்றையும் பார்க்கும் வசதியை எனக்கு நானே வைத்திருந்தேன், அதனால் படித்தேன். மூச்சு அடைக்கிறது, பரீட்சைத் தாளைப் பார்த்தால் கை நடுங்குகிறது, அப்பா லோரியை நிறுத்தும் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது என்று எழுதியிருந்தாள். கடைசி வரி, இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தான். இனி அவர் இவர் என்று மரியாதை கொடுக்க என்னால் முடியாது.

"நீதான் இத செஞ்சியா?" போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"ஆமா. நீங்க யாரு அண்ணே?"

"யாரா? என் பேர நீதானே போட்டு அனுப்பின? என் மவ கிலான்னு, பைத்தியம்னு எனக்கே மெசேஜா? அத்தன பேரு முன்னாடி படிச்சான்லா. மாலு வாங்கிக் குடுத்துட்ட."

அவமானத்தில் அவன் உதடு துடித்தது. ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. அதற்குள் திரையில் மகள் பெயரைப் பார்த்துவிட்டான்.

"என்ன எழுதியிருக்கா? எங்க இருந்து எழுதினா? காட்டு. எனக்குத் தெரியணும்."

நான் மடிக்கணினியை மூடி அதன்மேல் சாய்ந்தேன். அவன் என் வலது கையைப் பிடித்து முறுக்கினான். கரும்பை ஒடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது, முதலில் வந்தது ஆத்திரம். சின்ன வயதில் எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் செருகியிருந்த ரோத்தான் பிரம்பு, அதற்கு நான் காட்டிய உள்ளங்கை, எல்லாம் சேர்ந்து தலைக்கேறியது. இடது கையால் இரும்பு பிளாஸ்கை எடுத்து அவன் காதில் அடித்தேன். இன்னொரு முறை அடித்தேன். மூன்றாவது அடி கணக்கில் சேராதது, அது ஆசைக்கு அடித்தது. ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. அப்படியும் அவன் மடிக்கணினியை விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது தரையில் விழுந்து திறந்துகொண்டது. அவள் எழுதியது இன்னும் திரையில் இருந்தது. நான் முழங்காலிட்டு பிளாஸ்காலேயே அதை அடித்தேன். கண்ணாடி நொறுங்கி, எழுத்து போய், விசைகள் பல்லைப் போலத் தெறிக்கும்வரை அடித்தேன்.

அவன் காதைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "நீதான் கிலா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அன்று அவன் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

கையில் மாவுக்கட்டோடு நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது அக்கா ஓடி வந்தார். அந்தப் பெண்ணும் அங்கேதான் மேல் மாடியில் இருக்கிறாள், தெரிந்த தாதி ஒருவர் சொன்னார் என்றார். போனோம். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவளுடைய அம்மா தாதிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னை யாரென்று சொன்னதும் அந்தப் பெண் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"நான் எழுதினத அப்பா படிச்சிட்டாராக்கா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"நீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "படிச்சேன்" என்றேன்.

"எதுக்கு?"

நான் என் மாவுக்கட்டைப் பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் ஹெல்மெட்டால் அடித்தான், நான் சிவப்பு நட்சத்திரத்தால் அடித்தேன் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

நான் போலீசில் புகார் கொடுத்தேன், அவன் சில நாள் உள்ளே இருந்தான். பெண்ணை மெர்கோங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவள் அக்காவிடமும் பேச மறுத்துவிட்டாள். இனி யாரிடமும் எதையும் எழுதமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாளாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தளத்தை மூடிவிடலாம் என்றேன். "உடைக்கறது சுலபம்லா, ஒழுங்கா செய்யி" என்று அக்கா அதட்டினார். இடது கையால் தட்டித் தட்டித் திரும்பக் கட்டினேன். பெயர் கிடையாது, எண் கிடையாது, செய்தி அனுப்புவது கிடையாது. பதில் பார்க்க மூன்று சொற்கள் கொண்ட ஒரு சாவி, அது எழுதுகிறவரிடம் மட்டும் இருக்கும். யாராவது அறைக்குள் வந்தால் அழுத்த ஒரு பொத்தான், அழுத்தியதும் நாசி லெமாக் சமையல் குறிப்பு வந்து நிற்கும். எழுதுவதை அக்கா மட்டுமே திறக்க முடியும், பதில் போனதும் அழிந்துவிடும். "உன்னாலயும் பாக்க முடியக் கூடாதும்மா" என்று அக்கா சொன்னபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் செய்தேன். தளத்தைப் பற்றிய குறைகளைச் சொல்லும் பெட்டி மட்டும் எனக்கு வரும், அதற்கான பதிலும் அதே சாவியில்தான் போகும்.

சில மாதம் கழித்து அந்தப் பெட்டியில் ஒரு வரி வந்தது. "முன்ன பேரு கேட்டீங்க, இப்ப கேக்கல. நெசமாவே வேற யாரும் படிக்க முடியாதா?"

உடனே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அவதானே இது? மெர்கோங்ல இருந்தா? உங்களுக்கு என்ன எழுதியிருக்கா? காட்டுங்கக்கா, எனக்குத் தெரியணும்."

"என்னம்மா சொன்ன?" என்றார் அக்கா. நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. காட்டு, எனக்குத் தெரியணும். என் மணிக்கட்டை முறுக்கியபோது அந்த ஆளும் இதைத்தான் கேட்டான்.

போனை வைத்தேன். "முடியாது. தளத்தைச் செய்த என்னாலும் முடியாது" என்று பதில் எழுதி அனுப்பினேன். எழுதியது அவள்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.