மாமியார் ஒளிக்காத கடிதம்

இன்று காலை மந்தைவெளியில் பஸ் ஏறிய ஒரு அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, “நேத்து சீரியல் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“எங்க வீட்ல கேபிளே இல்லைங்க” என்றேன்.

பொய். பார்த்திருந்தேன். உண்மையைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்த வாரம் முழுக்க என்னிடம் யாரும் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசவில்லை.

அவர் ஆறு மாதக் கதையையும் முதலிலிருந்து சொன்னார், ஓடிப்போன தம்பி, விற்ற வீடு எல்லாம். தி.நகர் வந்ததும் எழுந்துகொண்டு, “கடைசில பாத்தா, கடுதாசிய ஒளிச்சு வெச்சது மாமியார்தாம்மா” என்றார்.

ஒளித்தது சின்ன மருமகள். திருத்த வழியில்லாமல் “அப்படியா?” என்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

இந்த வாட்ஸ்அப் குழுவில் யாராவது நேற்றுப் பார்த்தீர்களா? பார்த்திருந்தாலும் இல்லை என்றே எழுதுங்கள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.