வரமாட்டோம்னு ஒரு வார்த்தை

எங்க அண்ணி மாடியில ரெண்டு ரூமை வாடகைக்கு விடறாங்க. மாச வாடகை இல்ல. ஏரி பாக்க வர்றவங்க ரெண்டு நாள், மூணு நாள் தங்கிட்டுப் போற வாடகை. சமையல் அண்ணி, கணக்கு எங்க அண்ணன், படுக்கை விரிப்பு துவைக்கறது நான். கல்யாணம் ஆகாத நாத்தனார் வீட்டுல இருந்தா, துவைக்க ஆள் தேட வேண்டியதில்ல. இதை நான் குறையா சொல்லல, இருக்கறதைச் சொல்றேன்.

அண்ணிக்கு ஒரு குணம். யாரும் "வரல"ன்னு சொல்லக்கூடாது. யாராவது போன் பண்ணி, "அக்கா, இந்தத் தடவை முடியல, கேன்சல் பண்ணிடுங்க"ன்னு ஆரம்பிச்சா பதறிடுவாங்க. "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அப்புறம் வரோம்னு சொல்லுங்க. வாயால சொல்றதுதானே, நல்லதா சொல்லுங்க." அந்தப் பக்கம் இருக்கறவங்களும் விட்டாப் போதும்னு அப்படியே சொல்லிடுவாங்க. மெசேஜ்லயும் அதையே எழுதச் சொல்லி வாங்கிக்குவாங்க. அண்ணி போனைத் திறந்தா உலகமே எங்க வீட்டுக்குக் கிளம்பி வர்ற மாதிரி இருக்கும்.

இந்த நேரத்துலதான் ஏரிக்கு வர்ற பாலத்துல விரிசல் விட்டுச்சு. நடந்து வரலாம், வண்டி வரக்கூடாதுன்னு தடுப்பு வெச்சாங்க. பெட்டி படுக்கை, குழந்தை குட்டியோட பாலத்துல யாரு நடப்பா? சீசன் முழுக்க மாடி காலி. அண்ணி மட்டும் தினமும் மேல போய் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு, சாயங்காலம் போய்ச் சாத்திட்டு வருவாங்க. நான் யாரும் படுக்காத விரிப்பையே மறுபடி மறுபடி துவைச்சேன். சும்மா இருந்தா எனக்குக் கை அரிக்கும்.

ஒரு நாள் அண்ணன் கால்குலேட்டரைத் தள்ளி வெச்சுட்டுச் சொன்னாரு. "மெத்தைக் கடைக்காரர் மாடியை குடோனுக்குக் கேக்கறாரு. வருஷக் குத்தகை. மாடி கட்டின கடனை வேற எப்படி அடைக்கறது?"

"மெத்தை வந்து 'அக்கா, வெந்நீர் இருக்கா'ன்னு கேக்குமா?" அண்ணி கரண்டியோட சமையக்கட்டுலேர்ந்து வெளிய வந்தாங்க. "மேல நாலு பேர் நடமாடினாத்தான் எனக்கு இது வீடு." அதுக்கப்புறம் ரெண்டு நாள் எந்தச் சாப்பாட்டுலயும் உப்பு இல்ல. அண்ணனும் கேக்கல, நானும் கேக்கல.

அப்பத்தான் நகராட்சியில அறிவிச்சாங்க. பாலத்தால புக்கிங் போன தனி வீட்டுக்காரங்களுக்கும் நிதி உதவி உண்டாம். ஹோட்டல்காரங்களுக்கு முன்னாடியே குடுத்தாச்சு. அவங்களுக்குச் சங்கம் இருக்கு. எங்களுக்கு அண்ணிதான் இருக்காங்க.

நானும் அண்ணியும் போனோம். கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிட்டே அண்ணி போனைத் தள்ளித் தள்ளிப் பாத்துச்சு.

"ஆன்ட்டி, யாருமே கேன்சல் பண்ணலையே? எல்லாரும் வரோம்னுதானே எழுதியிருக்காங்க?"

"அது மரியாதைக்குச் சொன்னதும்மா."

"மரியாதையை வெச்சு நான் என்ன ஆன்ட்டி பண்றது? வரமாட்டோம்னு மெசேஜ் வாங்கிட்டு வாங்க. அப்புறம் நாங்க வீட்டுக்கு வந்து பாப்போம். இந்த சீசன்ல காசு குடுத்து ஒரு ஆள் தங்கினாலும் உதவி கிடையாது."

வீட்டுக்கு வந்து அண்ணி போனை எடுத்துட்டு உக்காந்தாங்க. ஆயுசுல கேக்காததை அன்னைக்குக் கேட்டாங்க.

"தம்பி, ஏரி வீட்டு அக்கா பேசறேன். நீங்க வரமாட்டேன்னு சொல்லணும்."

"என்னக்கா, எங்க மேல கோவமா? நாங்க கண்டிப்பா வரோம்!"

"வராதீங்க தம்பி."

"நாங்க என்னக்கா தப்பு பண்ணோம்?"

ஒரு பொண்ணு அழவே ஆரம்பிச்சிடுச்சு. பேங்க் மேனேஜர் ஒருத்தர், "அந்தக் குழாயை உடைச்சது என் பையன்தான், அதுக்காகவா?"ன்னாரு. குழாயை உடைச்சது யாருன்னு அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அண்ணி ஒவ்வொருத்தருக்கும் மன்னிப்புக் கேட்டு, சமாதானம் பண்ணி, வரமாட்டோம்னு எழுதி வாங்கினாங்க. வாங்கற ஒவ்வொரு தடவையும் முகம் கசந்து போச்சு.

கடைசியா கடிகாரக்காரர். கடிகாரம் ரிப்பேர் பண்றவரு, வருஷா வருஷம் சம்சாரத்தோட வருவாரு. அண்ணி விஷயத்தைச் சொல்ல ஆரம்பிக்கறதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு.

"அவ போயிட்டாம்மா. இந்தத் தேதி அவ பாத்து வெச்சது. இதை நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

அண்ணி போனை இன்னொரு காதுக்கு மாத்திக்கிட்டு, "வாங்க"ன்னாங்க.

"போச்சு. மெத்தைக்காரரை அளவெடுக்க வரச் சொல்லிடறேன்"னு அண்ணன் எழுந்து போயிட்டாரு.

கடிகாரக்காரர் பெரிய பெட்டியைத் தூக்கிட்டுப் பாலத்துல நடந்தே வந்தாரு. அன்னைக்குக் கீழ அண்ணன் போட்ட சத்தம் இருக்கே, உதவித்தொகை, குடோன், ஒத்த ஆளுக்காக மொத்தமும் போகுதுன்னு, அது மாடிக்குக் கேக்காம இருக்க மாடி என்ன பக்கத்து ஊர்லயா இருக்கு? காலையில நான் டீ கொண்டு போனேன். கட்டில்ல ஒரு பாதிதான் கசங்கியிருந்துச்சு. இன்னொரு பாதி நான் விரிச்ச மாதிரியே இருந்துச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு. டீயை வெச்சுட்டு இறங்கிட்டேன்.

அன்னைக்கே ஜலதோஷப் பொண்ணு வந்துடுச்சு. விறுவிறுன்னு மாடி ஏறிடுச்சு. நாங்க மூணு பேரும் பின்னாடியே ஓடினோம். கடிகாரக்காரர், எங்க ஹால்ல வருஷக்கணக்கா ஓடாம கிடந்த கடிகாரத்தைக் கழட்டிக் கட்டில் மேல பரப்பி வெச்சிருந்தாரு.

"இவர் யாரு ஆன்ட்டி?"

அண்ணிக்குப் பொய் வராது. வாயைத் திறந்தாங்க, மூடினாங்க. மறுபடி திறந்தாங்க.

"நான் இவ அண்ணன்மா"ன்னாரு அவரு, தலையை நிமித்தாம.

எங்கண்ணன் தொண்டையைச் செருமினாரு. திடீர்னு ஒரு மச்சான் முளைப்பாருன்னு பாவம், அவரு எதிர்பாக்கல.

"வாடகை எதுவும்..."

"தங்கச்சி வீட்டுல தங்கறதுக்கு எவனாவது வாடகை குடுப்பானா?"

பொண்ணு மூக்கை உறிஞ்சிட்டு, உறவுக்காரர்னு எழுதிக்கிட்டு இறங்கிடுச்சு. உதவித்தொகை வந்துச்சு. மெத்தைக்காரர் வேற மாடி பாத்துக்கிட்டாரு.

கடிகாரக்காரர் கிளம்பற அன்னைக்கு, எப்பவும் போலக் காசை மடிச்சு நீட்டினாரு. அண்ணி கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாங்க. "இதை வாங்கினா நீங்க சொன்னது பொய்யாயிடும்."

அவரு முகம் வாடிப் போச்சு. "அப்ப அடுத்த வருஷம் நான் எப்படிம்மா வர்றது? எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் தேதி கேப்பேன்?"

அண்ணிக்குக் கோவம் வந்துடுச்சு. "எந்த ஊர்லயாவது அண்ணன் புக்கிங் போட்டுட்டு வருவாங்களா?"

அவரு பெட்டியைத் தூக்கினாரு, வெச்சாரு, மறுபடி தூக்கினாரு. "அப்புறம் வரேம்மா"ன்னாரு. அண்ணி சொல்லிக் குடுக்காமலே சொன்னாரு.

போன வாரம் வந்தாரு, சொல்லாம கொள்ளாம. பாலம் திறந்ததுல மாடி ரெண்டு ரூமும் ஆள். அண்ணி என்னை ஒரு வார்த்தை கேக்கல, என் ரூமைக் குடுத்துட்டாங்க. நான் ஹால்ல படுத்திருக்கேன். அந்தக் கடிகாரம் இப்ப நல்லா ஓடுது, மணிக்கொரு தடவை அடிக்குது. தூக்கமே இல்ல.