மணிக்கு ஒரு மடக்கு

பக்கவாதத்தில் கால் விழுந்து நான் தேனியில் ஒரு மருத்துவமனையில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி கையில் எந்நேரமும் செபமாலை. ஒரு மணியை உருட்டினால் ஒரு செபம். செபத்துக்கு ஒரு தரம் புருஷனின் காலை மடக்கி நீட்டுவார்.

உத்தமபாளையத்திலிருந்து வந்த என் அண்ணன் எனக்குத் திருநீறு பூசிவிட்டு, "சாமி பாத்துக்கிரும்டா" என்று கிளம்பினார்.

"நெத்தியில பூசுனது காலுக்கு எறங்க வேணாமா? பிடிச்சு மடக்குங்கண்ணே," என்றார் அந்த அம்மாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

அந்த அம்மாள் அண்ணனை முறைத்தார். அடுத்த மணியை என் காலில் தொடங்கினார். அன்றிலிருந்து தினமும் இரண்டு கால்கள் அவருக்கு.

இன்று நடக்கிறேன். தன் வேண்டுதல்தான் எழுப்பியது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் வீடு திரும்பும் அவசரத்தில் அந்த அம்மாளின் ஊரைக்கூடக் கேட்காமல் வந்தவன் நான். அவர் புருஷன் எழுந்தாரா என்பது எனக்குத் தெரியாது.