கங்கம்மா நீட்டிய விரல்

நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். 1971 ஐப்பசியில், பொன்னேரிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பட்டப்பகலில் நடந்தது இது. அங்கே ரத்தம் பரிசோதிக்கும் வேலை ரத்னாவுக்கு. பிரசவத்துக்குப் பின் ரத்தத்தில் விஷம் ஏறி, அவள் தங்கை சம்பூர்ணம் அங்கேயே ஐந்தாம் கட்டிலில் கிடந்தாள்.

முந்தின நாள் தங்கையின் வெள்ளையணுக்கள் இருபத்து நாலாயிரம். அன்று எண்ணினால் ஆறாயிரம். நல்ல உடம்புக்காரர்களுக்கு இருக்கிற கணக்கு. ரத்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மீதிச் சோதனையை அப்படியே போட்டுவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

வெளியே மழை. கரண்ட் இல்லை. சம்பூர்ணம் கண் திறக்கவில்லை. ஆறாம் கட்டிலில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். பழவேற்காட்டு மீனவப் பெண். அவளுக்கும் அதே ஜுரம். அவள் மெத்தையில் ஏனோ விரிப்பு இல்லை...

"தங்கச்சிக்கு எறங்கிடுச்சிக்கா," என்றாள் ரத்னா.

"நேத்து எனக்கும் இப்டிதான் எறங்கிச்சி." கங்கம்மா இடது கை விரலை நீட்டினாள். "இப்ப எடுத்துப் பாரு."

ரத்னா ஊசியால் குத்தினாள். விரல் ஜில்லென்றிருந்தது. ரத்தம் வரவில்லை. பிதுக்கியதும் ஒரே சொட்டு... கறுப்பாக.

பஞ்சு வைத்தாள். "கட்டவெரலால அழுத்திப் புடிச்சிக்கோக்கா."

சோதனை அறைக்குத் திரும்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஒரு வெள்ளையணுகூட இல்லை. மறுபடி பார்த்தாள்... இல்லை. உயிரோடு இருக்கிற உடம்பில் அப்படி இருக்காது.

பார்க்காமல் போட்டுவிட்டுப் போன தங்கையின் சிலைடை எடுத்து வைத்தாள். எல்லாம் முற்றாத பிஞ்சு அணுக்கள். நோய் இறங்கவில்லை. எதிர்த்து நிற்க வேண்டிய அணுக்கள்தான் தீர்ந்துகொண்டிருந்தன.

டாக்டர் ராஜமாணிக்கம் ஒருமுறைதான் குனிந்து பார்த்தார். "மெட்ராஸுக்கு ஏத்துங்க. இப்பவே."

சம்பூர்ணம் பிழைத்தாள்.

ஆனால், அன்று தங்கையை ஏற்றிய ஜீப் கிளம்பியதும் கங்கம்மாவையும் அனுப்பச் சொல்ல ரத்னா வார்டுக்குத் திரும்பினாள். ஆறாம் கட்டில் காலி.

"கங்கம்மா எங்க ஆயா?"

ஆயா குப்பம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாம்மா கேக்குற? விடிகாலைலியே உசுரு பூட்ச்சே. பொணத்த பின்னால கொட்டாயில வச்சிகீது. புருசன் இப்பதான் வந்துகீறான்."

கொட்டகையில் துணியை விலக்கினார்கள்.

இடது கை. கட்டைவிரல் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

புருஷன் பிரித்தான்.

பஞ்சு.

ஈரம் காயவில்லை...