பத்தியத்துக்கு ஆற்று மீன்

அழுகிய வாழைப்பழத்தையும் நகப்பூச்சையும் சேர்த்து வெயிலில் வைத்தால் எப்படி மணக்குமோ அப்படி ஒரு மணம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து செவன் ஹில்ஸில் குடியிருந்த ஃப்ளாட்டின் மாடிப்படியில் பின்னேரம் நாலரை மணிக்கு ஏறி வரும். அதற்குப் பின்னால் அப்பா வருவார். வீட்டில் அதற்கு "டிரம் மணம்" என்று பெயர். மற்றத் தொழிற்சாலைகள் பாவித்துக் கழித்த இரும்புப் பீப்பாய்களைக் கழுவி, சுரண்டி, நீலப் பெயின்ற் அடித்துத் திருப்பி அனுப்புகிற இடத்தில் அப்பாவுக்கு வேலை. பீப்பாய்க்குள் முன்பு என்ன இருந்தது என்று கழுவுகிறவனுக்கு யாரும் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக வெள்ளைச் சட்டை போட்டுத் திரிந்த மனிதர், இங்கே வாசலில் நின்று மேலுடுப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். "அப்பிடியே குளிக்கப் போங்கோ, கதிரையிலை இருந்திடாதேங்கோ" என்று அம்மா குசினிக்குள் இருந்து சத்தம் போடுவார்.

அந்தத் தொழிற்சாலை பரமட்டா ஆறு வளைகிற ஓரிடத்தில், பழைய சரக்குத்துறையை ஒட்டி இருந்தது. ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு கவுன்சில், அந்தக் கரை இன்னொரு கவுன்சில். மணம் தாங்கமுடியவில்லை என்று அக்கரைச் சனம் முறையிட்டால் அது எங்கள் எல்லைக்குள் இல்லை என்று அவர்களுடைய கவுன்சில் சொல்லும். இக்கரையில் முறையிட ஆளே இல்லை, வேலை செய்கிறவர்கள் மட்டும்தான், அவர்களும் எங்களைப் போன்ற வந்தேறிகள். பிள்ளை பெற்றவன் ஒருவன், பேர் வைத்தவன் இன்னொருவன் என்பார்களே, இந்த ஆற்றுக்கு இரண்டு பேருமே இல்லை. ஆனால் எனக்கு ஒன்பது வயதான அந்த வருடம், எங்களுக்கு அந்த ஆறு பெரிய பேறாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் தம்பி.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்குப் பத்தியம் காக்க ஒரு பெண் துணை இல்லை. அம்மாவின் தாயும் சகோதரிகளும் ஊரில் போரால் இடம்பெயர்ந்து, எந்த முகாமில் என்றுகூடத் தெரியாமல் இருந்த நேரம். அதனால் அடுப்படிப் பக்கமே போயிராத அப்பா சரக்குத்தூள் வறுத்து இடிக்கப் பழகினார். சரக்கு, உள்ளி, மிளகு எல்லாம் கிடைத்துவிட்டது, மீன்தான் கிடைக்கவில்லை. கடையில் மீன் இல்லாமல் இல்லை, ஆனால் எல்லாம் ஐஸ் மேல் கிடக்கிற மீன். "ஐஸ் மீன் பச்சை உடம்புக்கு ஆகாது" என்பது எங்கள் பகுதியில் மறுபேச்சில்லாத சட்டம். பிள்ளை பெற்றவளுக்குத் துடிக்கத் துடிக்கப் பிடித்த சின்ன மீனில்தான் பத்தியக்கறி வைக்கவேண்டும், அப்போதுதான் பால் சுரக்கும், பிள்ளைக்கு வயிற்றோட்டம் வராது. அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, கூட வேலை செய்த ராசன் மாமாவிடம் முறையிட்டார்.

ராசன் மாமா மயிலிட்டிக் கடலில் தொழில் செய்தவர். ஊரில் நேவிக்காரன் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்ட பிறகும் போய், இரண்டு தரம் சூடு விழுந்து தப்பி வந்தவர். "மீனுக்கோ அண்ணை கவலைப்படுறியள்? காலுக்குக் கீழை ஓடுது ஆறு" என்று சிரித்துவிட்டு, அந்தச் சனிக்கிழமையே தங்கூசி நூலும் தூண்டிலுமாக வந்துவிட்டார். சனிக்கிழமைகளில் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். சரக்குத்துறையின் பலகை மேடையில் இருந்து தூண்டில் போடலாம், காவல்காரர் கண்டும் காணாதவர். பாண் துண்டைப் பிசைந்து குத்திப் போட்டால் கால் மணி நேரத்தில் மீன் ஏறும். ராசன் மாமா அவற்றுக்கெல்லாம் ஊர்ப்பெயர் வைத்தார்: இது திரளி, இது விளைமீனின்டை தம்பி, இது என்ன சாதியோ தெரியேல்லை, சாதி பாத்துத் தின்னுற வழக்கத்தை விட்டிட்டம். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த மேடையில்தான். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மா அந்தக் கறியை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பிள்ளை பெற்றதற்குப் பிறகு முதல்தடவையாக வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு என்று சொன்னார்.

மூன்றாவதோ நாலாவதோ சனிக்கிழமை, அக்கரையில் இருந்த சின்னப் பூங்காவின் ஓரத்தில் புதிதாக ஓர் அறிவித்தல் பலகை நிற்பதைக் கண்டோம். மீன் படம் போட்டு, அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு. அப்பாவுக்கு அரச அறிவித்தல் என்றால் பயம். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க என்னைப் பாலத்தால் கூட்டிக்கொண்டு போனார். ராசன் மாமாவும் வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிற கடிதம், விசாத் தாள், கரண்ட் பில், எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். அப்பாவின் சிநேகிதர்கள் என்னை "எங்கடை வக்கீல்" என்று கூப்பிடுவார்கள். எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

பலகையில் நாலைந்து மொழிகள் இருந்தன, தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி, கீழே சிறிய எழுத்தில் நாலு வரி.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இந்த ஆத்து மீனைச் சாப்பிடக் கூடாதாம்."

"ஏனாம்?"

கீழே இருந்த நாலு வரியையும் பார்த்தேன். நீள நீளமான சொற்கள். வாசித்தேன், ஒன்றும் ஓடவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் ராசன் மாமா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வக்கீலுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று அவர் சிரித்துவிடுவாரோ என்ற ஒரே எண்ணத்தில் நான் சொன்னேன்: "காரணம் ஒண்டும் போடேல்லை அப்பா."

ராசன் மாமா கையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியளே அண்ணை? அங்கை நேவி கடலுக்குப் போகாதை எண்டான், ஏனெண்டு சொன்னவனோ? இஞ்சை இவன் மீனைத் தின்னாதை எண்டுறான். அரசாங்கம் எண்டால் எங்கை போனாலும் ஒரே சாமான்தான்."

அப்பா திரும்பி எங்கள் கரையைப் பார்த்தார். "பலகையும் அந்தப் பக்கத்துக் கவுன்சிலின்டை. எங்கடை பக்கம் ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். அவ்வளவில் விசயம் முடிந்தது. பாஸ் எடுத்து, சோதனைச்சாவடி தாண்டி, இந்த மதகுக்கு அங்கால் ஒருவனுடைய ஆட்சி இங்கால் இன்னொருவனுடைய ஆட்சி என்று வாழ்ந்து வந்த மனிதர்களுக்கு, தடை என்பது அதிகாரம் உள்ளவன் எளியவனுக்குப் போடுவது. ஒரு தடை தங்கள் நன்மைக்காகவும் இருக்கலாம் என்று நினைக்க அவர்களுக்கு வாழ்க்கையில் யாரும் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. நானாவது கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் மீன் கூடிக்கொண்டே போனது. நார்த்மீட்டில் இன்னொரு தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தது, அங்கேயும் பத்தியத்துக்கு மீன் போனது. அவர்கள் பலகையைப் பற்றித் தயங்கிக் கேட்டபோது அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "என்ரை பிள்ளை வாசிச்சுப் பாத்தவள், பயப்பிடாமல் சமையுங்கோ" என்று டெலிபோனில் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. தம்பி கொழுகொழு என்று வளர்ந்தான். வந்து பார்த்தவர்கள் எல்லாம் "ஆத்து மீன் பால் எல்லே" என்று அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

இரண்டு மூன்று வருடத்தில் தொழிற்சாலையை மூடினார்கள், சரக்குத்துறைக்குக் கம்பிவேலி போட்டார்கள், ராசன் மாமா வேலை தேடி மெல்பேண் போய்விட்டார். மீனும் அதோடு நின்றது. நான் ஹைஸ்கூலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது புவியியல் பாடத்தில் எங்கள் ஆற்றைப் பற்றி ஒரு பயிற்சித்தாள் கொடுத்தார்கள். அந்தப் பலகையின் நாலு வரியும் ஏறத்தாழ அப்படியே அதில் இருந்தன. இம்முறை வாசித்தேன், எல்லாச் சொல்லும் ஓடியது. வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மீன்பிடித்து எத்தனையோ காலம், இனிச் சொல்லி என்ன, வீணாக அந்தாளின் நித்திரையைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது வயதில் சொன்னது குழந்தைப் பொய் என்று மன்னிக்கலாம். பதினாலு வயதில் வாயை மூடிக்கொண்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அறுபத்தொரு வயதில் அப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது. எதனால் என்று கேட்டேன். டாக்டர் நல்ல மனிதர், மரியாதையாகச் சொன்னார், எதனாலும் இருக்கலாம், ஒன்றையும் காரணமாகக் காட்ட முடியாது என்று. பீப்பாயா, மீனா, சிகரெட்டா, ஊரில் பங்கருக்குள் கிடந்த நாட்களா. எட்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். கடைசிவரை நான்தான் ஆஸ்பத்திரிக் கடிதங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் வாசித்தால் அவருக்குப் போதும், ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்.

அவர் போய் இரண்டு வருடத்தில் கம்பிவேலிக்குள் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, வாகனச் சக்கரத்தைக்கூடக் கழுவித்தான் வெளியே விடுவார்கள். அதே மண்ணில் அப்பா ஐந்தாறு வருடம் அரைக்கை பெனியனோடு நின்றார். அவருடைய சக்கரங்களைக் கழுவியது எங்கள் அம்மாவின் வோஷிங் மெஷின். பிறகு கிரேன்கள் வந்தன. ஒருத்தன் தலையில் ஒருத்தன் கட்டிவிட்டுக் காலம் முழுக்கக் கைகழுவிய இரண்டு கவுன்சில்களும் கூடிக் குலாவி, எல்லையே இல்லாத ஒரே நதிக்கரை என்று பெரிய விளம்பரம் வைத்தன. குறுக்கே நடைபாலம், கீழே கோப்பிக் கடைகள், அலுவலகங்கள், மேலே வீடுகள். வேலையும் வாழ்வும் பொழுதுபோக்கும் ஒரே கரையில் என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது, யாரும் விளம்பரம் செய்யவில்லை.

அந்த வீடுகளில் ஒன்றைத் தம்பி வாங்கிவிட்டான். ஏழாம் மாடி. கிழமை நாட்களில் அவனைக் கண்டு பேசுவதே அபூர்வம் என்றபடியால், வாங்கி முடித்துக் கையெழுத்தும் வைத்த பிறகுதான் எனக்குச் சொன்னான், அதுவும் ஆங்கிலத்தில், சந்தோசத்தில் மூச்சு முட்ட. அவன் மனைவிக்கு ஆறு மாதம். போன மாசி மாதம் பால் காய்ச்சினோம். குசினியில் பால் பொங்கி எல்லோரும் படம் எடுத்து முடிந்த பிறகு, அம்மா பல்கனிக்கு வந்து கீழே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பலகை மேடை இல்லை, பீப்பாய் இல்லை, கொட்டகை இல்லை, மணம் இல்லை. அந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். அந்தக் கரையின் பழைய தொழில்களைப் பற்றி ஒரு நினைவுப்பலகை வைத்திருக்கிறார்கள். கப்பல், கிரேன், மரத்தூண் எல்லாவற்றுக்கும் அதில் பெயர் இருக்கிறது, மனிதர்களில் ஒருவருக்கும் இல்லை.

"இஞ்சையிருந்துதானே அப்பா எனக்குப் பத்தியத்துக்கு மீன் பிடிச்சவர்" என்றார் அம்மா. குரலில் அப்படி ஒரு பெருமை.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். பலகையில் காரணம் எழுதியிருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, வெட்கத்தில் பொய் சொன்னேன், பிறகு தெரிந்தும் சொல்லவில்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப, என்ன எழுதியிருந்தது?"

"ஆத்துச் சேத்திலை ஃபக்டரிக் கழிவு நஞ்சு இருக்காம். மீனிலையும் ஏறியிருக்காம். பிள்ளைத்தாச்சியளும் பால் குடுக்கிற தாய்மாரும் சின்னப் பிள்ளையளும் ஒருக்காலும் சாப்பிடக் கூடாதாம்."

முப்பது வருடம் பிந்தி, வக்கீல் நான் மிச்ச நாலு வரியையும் மொழிபெயர்த்து முடித்தேன். அம்மா இரண்டு கையாலும் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்பா எப்பிடியும் திண்டிருப்பார், அவர் கேளார்" என்றார். பிறகு, "நான் தொட்டிருக்க மாட்டன் பிள்ளை" என்றார். உள்ளே தம்பி மனைவிக்குப் பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அம்மா அவனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

"அவனுக்குச் சொல்லாதை" என்றார் அம்மா. "வீட்டை வாங்கிப்போட்டு எவ்வளவு சந்தோசமா நிக்கிறான். பிள்ளையும் வரப்போகுது. சத்தியமா அவனுக்குச் சொல்லாதை."

தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "எவ்ரிதிங் ஓகே, அக்கா?" என்றான்.

ஓகே என்றேன்.

அம்மா சொன்னால் தட்டமுடியாது. தம்பிக்குத் தமிழ் கேட்டால் அரைகுறையாக விளங்கும், எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.