நடுவீட்டின் உறுதி

வட்டுக்கோட்டையில் எனக்குச் சீதனமாக வந்த காணியை விற்றுத்தான் பட்டினத்தில் அந்த வீட்டை வாங்கினோம். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் மூன்று குடும்பம் இருக்கலாம். இடைச்சுவர்கள் முகட்டைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். நடுவில் நாங்கள் இருப்பது, இரு பக்கமும் வாடகைக்கு விடுவது, மகளின் கலியாணத்துக்கு நடுவீட்டைச் சீதனமாக எழுதுவது. மலாயாவிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவரின் யோசனை அது.

வீட்டுப் பத்திரமான உறுதியை எழுதி முடித்த அன்று நொத்தாரிஸ் அவரிடம் சொன்னார்: "ஐயா, நீங்கள் திரும்பிப் போறியள். வீடு அம்மாவின்ரை பேரிலை எண்டாலும், எங்கடை சட்டப்படி உங்கடை கையெழுத்தில்லாமல் அவவாலை ஒண்டும் எழுதேலாது. உங்களுக்குப் பதிலா அவ கையெழுத்து வைக்கலாமெண்டு ஒரு தத்துவக் கடதாசி எழுதிக் குடுத்திட்டுப் போங்கோவன்."

அவர் பேனாவை எடுத்தார். நான்தான் தடுத்தேன். கப்பலேறப் போகிறவரிடம் அப்படியொரு கடதாசி வாங்குவது எனக்கு அபசகுனமாகப் பட்டது.

"உதென்ன கதை? இரண்டு வருஷத்திலை வந்திடுவார்" என்றேன்.

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது.

பிறகு மகளுக்கு நல்ல இடமொன்று பொருந்தியது. ஆவணிக்குள் சீதன உறுதி வேண்டும் என்றார்கள். வழக்குப் பேசும் பிறக்கிராசியார் ஒரே வழிதான் சொன்னார். கணவர் எங்கே என்று தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்றும் அறியேன் என்று சத்தியக் கடதாசி கொடுத்தால் கோட்டில் நீதிபதியிடம் அனுமதி எடுக்கலாம்.

ஆறு நாள் அந்தக் கடதாசியை அரிசிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அழவும் முடியாது. மூக்கை உறிஞ்சினால் இடப்பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலால் கேட்பாள்: "என்னக்கா, தடிமனோ? கொத்தமல்லி அவிச்சுத் தரட்டே?"

வலப்பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் கேட்கமாட்டார். செருமுவதை மட்டும் நிறுத்திவிடுவார்.

ஏழாம் நாள் வழக்கத்தைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்திட்டேன். அனுமதி வந்தது. உறுதியும் எழுதியாயிற்று.

மகள் அதை வாசித்தாள். கோட்டு அனுமதி என்ற வரியில் அவள் விரல் நின்றது.

"அம்மா, அப்பா இல்லையெண்டோ எழுதிக் குடுத்தனீங்கள்?"

"இல்லையெண்டு எழுதேல்லை, பிள்ளை. தெரியாதெண்டுதான்."

"அவர் வந்து கேட்டால் என்ன சொல்லுவியள்?"

வாய் திறந்தேன். இடப்பக்கம் அம்மிச் சத்தம் நின்றிருந்தது. வலப்பக்கம் செருமலும் இல்லை. உறுதியை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன். மடிப்பு நேராக விழவில்லை.

"மெல்லக் கதை" என்றேன்.